பெட்டியில் ஒரு யூனிட்

மிக்ஜாம் புயல் சென்னையை ஊறப்போட்ட 2023 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, கரண்ட் போயிருந்த எங்கள் வீட்டில் ஓடியவை இரண்டே இரண்டு. குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று, 10 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று. மழையில் ஃபேன் எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தென்சென்னைக் கொசுவைப் பற்றித் தெரியாது. இரண்டுக்கும் கரண்ட் கொடுத்தது சில மாதங்களுக்கு முன் வாங்கிய ஒரு பவர் ஸ்டேஷன், அதாவது கையில் தூக்கிப்போகும் பேட்டரிப் பெட்டி. 512 வாட்-அவர் (ஒரு வாட் வீதம் எடுத்தால் 512 மணி நேரம் வரும் அளவு) என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். 512ஐ நாற்பதால் வகுத்தேன், கிட்டத்தட்ட 13 மணி நேரம் வந்தது. இரவு எட்டுக்குப் போட்டால் காலை ஒன்பது வரை கவலையில்லை என்று படுத்துவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்குக் கொசு எழுப்பியது. பெட்டி செத்துக் கிடந்தது.

பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை, என் கணக்கில்தான் கோளாறு. 512ஐ எட்டு மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள், 64 வரும். சராசரியாக 64 வாட் வீதம் பேட்டரி காலியாகியிருக்கிறது. அதில் நாற்பது எங்களுக்கு வந்தது. மிச்சம் 24ஐப் பெட்டியே தின்றுவிட்டது.

எப்படித் தின்கிறது? பேட்டரிக்குள் இருப்பது டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட். வீட்டு ஃபேனுக்கு வேண்டியது 230 வோல்ட் ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடும் சுவர் பிளக் கரண்ட். நடுவில் உட்கார்ந்து மாற்றிக்கொடுக்கும் இன்வெர்ட்டர் ஒவ்வொரு நூறிலும் பத்துப் பதினைந்தைச் சூடாக இழக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். அதற்கு மேல், எதுவுமே செருகாமல் பெட்டியின் ஏ.சி. பட்டனை மட்டும் அழுத்தி வைத்தாலும் அந்த இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே 10 முதல் 25 வாட் வரை எடுத்துக்கொள்ளும். விளம்பரத்தில் இது வராது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பெரிய பெட்டியில் இந்தச் சும்மாச் செலவும் பொதுவாகப் பெரிதாக இருக்கும். அதனால்தான் சின்ன லோடைப் பெரிய பெட்டியில் நாள் கணக்கில் ஓட்டுவது அவ்வளவு நஷ்டம்.

பவர் ஸ்டேஷன் என்ற பெயரே நம்மூரில் குழப்பம். எண்ணூரும் மேட்டூரும் நினைவுக்கு வரும் சொல் அது. கடைப் பையன்கள் ‘பெரிய பவர் பேங்க்’ என்கிறார்கள், அதுவே பொருத்தம். ஒரு லித்தியம் பேட்டரி, அதை மேய்க்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை, ஒரு இன்வெர்ட்டர், ஒரு சார்ஜர், சோலார் செருக ஒரு வாய், எல்லாம் கைப்பிடி வைத்த ஒரே பெட்டிக்குள். ஈகோஃப்ளோ, ஜாக்கரி, புளூட்டி, ஆங்கர் ஆகியவை உலகச் சந்தையில் பழகிய பெயர்கள். இவர்கள் எல்லோரும் முட்டிமோதும் ரகம் ஆயிரம் வாட்-அவரை ஒட்டியது. ஈகோஃப்ளோ டெல்டா 2 என்பது 1024, ஆங்கர் சோலிக்ஸ் சி1000 என்பது 1056, புளூட்டி ஏசி180 என்பது 1152.

ஆயிரம் வாட்-அவர் என்றால் என்ன? கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் வீடுகளுக்கு இலவசம். அந்த நூறில் ஒன்றை ஒரு பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்தத்தான் இத்தனை ஆயிரம் ரூபாய் கொடுக்கிறோம். இந்த ஒப்பீடு மனதில் நின்றுவிட்டால் ‘முழு வீட்டுக்கும் பேக்கப்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சிரிப்புதான் வரும். கோடையில் ஒன்றரை டன் ஏ.சி. மெஷின் ஒரு மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டுக்கு மேல் விழுங்கக்கூடியது.

பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். 1024 வாட்-அவர் என்பது தொட்டியின் கொள்ளளவு. 1800 வாட் என்பது குழாயின் அகலம். கடையில் பேசுவதெல்லாம் குழாயைப் பற்றி, வீட்டில் காலியாவது தொட்டி. 750 வாட் மிக்ஸியைப் பார்த்துப் பயப்படுகிறோம். சட்னிக்கு மூன்று நிமிடம் ஓட்டினால் அது எடுப்பது 37 வாட்-அவர்தான், ஒரு யூனிட் பெட்டியில் நான்கு சதவீதம்கூட இல்லை. முப்பது வாட் ஃபேன் இரவு முழுக்க ஓடினால் 300. மிக்ஸி வந்துபோகும் விருந்தாளி. ஃபேன் கூடவே இருந்து சாப்பிடும் ஆள். பழைய 75 வாட் ஃபேனாக இருந்தால் அதே இரவுக்கு 750 போய்விடும். பெட்டி வாங்க எடுத்து வைத்த பணத்தில் கொஞ்சத்தை எடுத்து முதலில் படுக்கையறை ஃபேனை மாற்றுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பாதி விலைப் பெட்டியே போதும் என்று ஆகிவிடும்.

ஃபிரிட்ஜ் கணக்கு கொஞ்சம் சுவாரசியமானது. கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். 200 என்று வைத்துக்கொள்வோம். 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 550 வாட்-அவர். மாற்றும்போது போகும் நஷ்டத்தைச் சேர்த்தால் 650 ஆகும். ஏ.சி. பட்டன் 24 மணி நேரமும் அழுத்தியபடி இருப்பதால் சும்மாச் செலவு 15 வாட் வீதம் இன்னொரு 360. மொத்தம் 1010. ஒரு யூனிட் பெட்டி சரியாக ஒரே நாளில் தீர்ந்தது, அதில் கிட்டத்தட்டப் பாதி ஃபிரிட்ஜுக்குப் போகவே இல்லை. திறக்காமல் வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் வரை குளிரைக் காப்பாற்றும். எனவே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஏ.சி. பட்டனையும் அணைத்துவிடுவது நல்லது, அதே பெட்டி இன்னும் பல மணி நேரம் தாங்கும். இட்லி மாவு புளித்துப் பொங்கினால் தோசையாவது வார்க்கலாம். இன்சுலின் வைத்திருக்கும் வீட்டில் அப்படி விட முடியாது, அவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

மோட்டார் வைத்த எதற்கும் இன்னொரு குணம் உண்டு. கிளம்பும்போது ஒரு கணம் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஓடும்போது 150 வாட் காட்டும் ஃபிரிட்ஜ் கம்ப்ரெஸர், கிளம்பும் நொடியில் ஆயிரத்தைத் தொடலாம். இன்வெர்ட்டர் கம்ப்ரெஸர் வைத்த புது மாடல்கள் இந்த விஷயத்தில் சாது. ஒரு குதிரைசக்தி போர் மோட்டார் ஓடும்போதே ஆயிரம் வாட்டைத் தாண்டும், கிளம்பும்போது கேட்பதை ஒரு யூனிட் ரகப் பெட்டிகளால் பெரும்பாலும் கொடுக்க முடியாது. புயலில் முதலில் தட்டுப்பாடாவது தண்ணீர்தான் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். கஜா கரை கடந்த 2018 நவம்பரில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கானது. அங்கே மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது ஜெனரேட்டர்தான். பெட்டியை நம்பி மோட்டாரை விடாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்புங்கள், அதற்குச் செலவே இல்லை.

இங்கே ஒரு விளம்பரத் தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘1200 வாட் பெட்டி, 2000 வாட் கருவியையும் ஓட்டும்’ என்று சிலர் போடுகிறார்கள். பொய்யில்லை. வோல்டேஜைக் குறைத்து அனுப்புவார்கள். அயர்ன்பாக்ஸ், கெட்டில் போன்ற சூடேற்றும் சாமான்கள் குறைந்த வோல்டேஜிலும் மெதுவாக வேலை செய்யும். மோட்டாருக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் அது லோ வோல்டேஜ்தான். நம்மூரில் லோ வோல்டேஜில் மோட்டார் காயில் கருகிய கதை தெருவுக்கு ஒன்று இருக்கும். இன்னொன்று, மலிவான பெட்டிகளில் 1,00,000 எம்.ஏ.எச். என்று பெரிய எண்ணைப் போட்டிருப்பார்கள். செல்லின் வோல்டேஜ் 3.7ஆல் பெருக்கினால் 370 வாட்-அவர். ஒரு யூனிட்டில் பாதிகூட இல்லை.

சரி, இதற்கெல்லாம் நம் வீட்டில் ஏற்கெனவே ஒரு சாமான் இருக்கிறதே? மாடிப்படிக்குக் கீழே அல்லது பால்கனி மூலையில் உட்கார்ந்திருக்கும் இன்வெர்ட்டரும் ட்யூபுலர் என்ற ஆசிட் பேட்டரியும்தான். பவர் ஸ்டேஷனைப் பற்றி எழுதும் வெளிநாட்டுக்காரர்கள் இதை அறியவே மாட்டார்கள், ஏனென்றால் அங்கே இப்படி ஒன்று வீட்டுக்கு வீடு கிடையாது. 2012ஐ ஒட்டிய வருடங்களில் சென்னைக்கு இரண்டு மணி நேரமும் மற்ற ஊர்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் போனபோது தமிழ்நாடு வாங்கிக் குவித்தது இவற்றைத்தான். 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியின் காகிதக் கணக்கு 1800 வாட்-அவர். அது 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுத்தால் குறையும், அடிவரை எடுத்தால் ஆயுள் போகும். நடைமுறையில் ஆயிரத்துச் சொச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு யூனிட் லித்தியம் பெட்டிக்கு அது சமம். விலை, இன்வெர்ட்டரும் சேர்த்து, சுமார் 25,000 ரூபாய். பெட்டிக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள்.

சொந்த வீடு, இன்வெர்ட்டர் லைன் தனியாக இழுத்திருக்கிறார்கள், மாதா மாதம் பேட்டரியின் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க ஆள் இருக்கிறது என்றால் பவர் ஸ்டேஷன் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பேட்டரி போனால் தெருமுனைக் கடைக்காரர் பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு அன்று மாலையே புதியது மாட்டிவிடுவார். பவர் ஸ்டேஷனின் பலகை போனால் அதைத் திறந்து பார்க்க உங்கள் ஊரில் ஆளே இருக்காது. சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், பெட்டியை அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்பதைக் கேட்காமல் எந்த பிராண்டையும் எடுக்கக் கூடாது.

அப்புறம் யாருக்குத்தான் இது? வாடகை வீட்டில் இருப்பவருக்கு. சுவரில் கைவைக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார், வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறும்போது 50, 60 கிலோ ஆசிட் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அலையவும் முடியாது. அப்புறம், தண்ணீர் ஏறும் பகுதியில் தரைத்தளத்தில் இருப்பவருக்கு. இந்தக் காரணத்தை எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு இதுதான் முதலில் தோன்றும். மிக்ஜாம் சமயத்தில் எங்கள் கட்டடத்தின் தரைத்தள வீட்டுக்காரர் மாலையிலேயே டி.வி.யை மேலே கொண்டுவந்து வைத்தார், சிலிண்டரைத் தூக்கி வந்தார், பீரோவின் கீழ்த்தட்டுத் துணிகளை மூட்டை கட்டினார். இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் இரண்டு பேர் பிடித்தும் படியேற்ற முடியவில்லை. செங்கல் வைத்து உயர்த்தினோம், தண்ணீர் செங்கலையும் தாண்டியது. ஒரு யூனிட் லித்தியம் பெட்டி 11 முதல் 16 கிலோ வரைதான். அரிசிப்பை மாதிரி ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடலாம்.

கரண்ட் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தும் தேர்வு மாறும். இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். கொடுமைதான், ஆனாலும் மிச்ச நேரம் கரண்ட் வந்தது. அத்தகைய இடத்தில் சார்ஜ் ஏறும் வேகம் முக்கியம். ட்யூபுலர் பேட்டரிக்குப் பத்து மணி நேரம் தேவை, வேகச் சார்ஜ் உள்ள லித்தியம் பெட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிரம்பும். ஈ.பி.காரர்கள் முன்கூட்டியே சொல்லிச் செய்யும் மாதாந்தர ஷட்டவுன் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியமோ மாலையோ முடிவது. அதற்கு ஒரே தொட்டி போதும், வேகம் முக்கியமில்லை. புயல் வேறு ரகம். மூன்று நாள் எதுவும் வராது என்று வைத்துத் திட்டம் போட வேண்டும். அப்போது கேபிள் கம்பமே சாய்ந்திருக்கும் என்பதால் வைஃபை ரூட்டருக்கு பேக்கப் கொடுத்துப் பயனும் இருக்காது.

சாதாரண நாளில் ரூட்டர்தான் முக்கியம் என்பவர்கள், அதன் அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட் என்று போட்டிருக்கும். பெட்டியிலும் 12 வோல்ட் டி.சி. வாய் இருக்கும். 40 ரூபாய் வயரை வாங்கி நேராகச் செருகிவிட்டால் ஏ.சி. பட்டனைத் தொடவே வேண்டாம். என் 512 பெட்டியில் பத்து வாட் ரூட்டர் ஏ.சி. வழியாக 18 மணி நேரம் ஓடியது. டி.சி. வழியாக 40 மணி நேரத்தைத் தாண்டியது. ஒரே பேட்டரி, ஒரே ரூட்டர். வாயின் வோல்டேஜையும் பின்னின் அளவையும் பிளஸ் மைனஸையும் மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்கு சிபேப் மெஷின் வைப்பவர்களுக்கும் இதே யோசனைதான், டி.சி. அடாப்டர் கேட்டு வாங்குங்கள், ஈரப்பதம் கொடுக்கும் ஹீட்டரை அணைத்துவைத்தால் செலவு பாதியாகலாம். ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வேறு கதை. ஐந்து லிட்டர் மெஷின் 300 வாட்டுக்கு மேல் எடுக்கும், ஒரு யூனிட் பெட்டி மூன்று மணி நேரம்கூட வராது. அந்த வீட்டில் பெட்டி இருந்தாலும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் இருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் பேட்டரியின் வேதியியலைப் பற்றியும் கொஞ்சம். நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் ஒரு வகை, லித்தியம் இரும்பு பாஸ்பேட் இன்னொரு வகை. பின்னதைக் கண்டெடுத்தது 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு. அவருக்கு 2019இல் நோபல் பரிசு வந்தபோது வயது 97. இரும்பு பாஸ்பேட் கொஞ்சம் கனம், ஆனால் சூட்டில் எளிதில் தறிகெட்டுப் போகாது. 40 டிகிரி அடிக்கும் ஊரில் வீட்டுக்குள் வைக்கப்போகும் சாமானுக்கு நான் வேறெதையும் பார்க்கமாட்டேன். இப்போது வரும் மாடல்கள் பெரும்பாலும் இதுதான். முதல் தலைமுறை ஜாக்கரி 1000, முதல் ஈகோஃப்ளோ டெல்டா போன்றவை பழைய நிக்கல் வகை. அதிரடித் தள்ளுபடி என்று பழைய சரக்கு வந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆனால் ‘3000 சைக்கிள் ஆயுள்’ (ஒருமுறை நிரப்பித் தீர்ப்பது ஒரு சைக்கிள்) என்று மார்தட்டுவதை நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு முப்பது தடவை கரண்ட் போனால் 3000 சைக்கிள் தீர நூறு வருடம் ஆகும். பெட்டி அதற்கு வெகு முன்பே வயதாகியே செத்துப்போகும். எப்போதாவது கரண்ட் போகும் வீட்டில் பேட்டரியைக் கொல்வது உபயோகம் இல்லை, சூடும் கவனிப்பின்மையும்தான். பரணில் ஓட்டுக்குக் கீழே வைக்கக் கூடாது. நூறு சதவீதத்தில் மாதக்கணக்கில் வைக்காமல் அறுபதை ஒட்டி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். புயல் சின்னம் உருவானது என்று கேட்டதும் நிரப்பிக்கொள்ளலாம்.

சோலார் பேனல் கூட வேண்டுமா? புயல் நாளில் அது வெறும் கண்ணாடி. புயல் போன மறுநாள் வரும் வெயிலில்தான் அதன் அருமை தெரியும். 400 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு ஒன்றரை யூனிட் கொடுக்கும், பெட்டி நிரம்பிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த ரகப் பெட்டிகள் பலவற்றில் சோலார் வாய் 60 வோல்ட் வரைதான் தாங்கும். கூரையில் போடும் பெரிய பேனல் ஒன்றே லோடு இல்லாத நிலையில் 50 வோல்ட்டைத் தொடும். இரண்டைத் தொடராக இணைத்துச் செருகினால் பெட்டியின் கதை அங்கேயே முடிந்தது.

அமெரிக்காவில் மலிவு, மச்சானிடம் சொல்லிக் கொண்டுவரச் சொல்கிறேன் என்பவர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-அவருக்கு மேல் லித்தியம் பேட்டரியைக் கையிலும் கொண்டுவர முடியாது, லக்கேஜிலும் போட முடியாது. கப்பலில் வந்து சேர்ந்தாலும் அது கொடுப்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஃபேன் நகரும், ஓடாது. ஃபிரிட்ஜ் முனகும்.

வாங்கிய பிறகு செய்யவே கூடாதது ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் ஆண் பின் வைத்த வயரைச் செய்து, பெட்டியின் கரண்டைச் சுவர் பிளக்கில் ஏற்றி வீட்டு வயரிங் முழுக்க அனுப்புவது. மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டி வெளியே போகும். தெருவில் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் வயர்மேனுக்கு அது தெரியாது. இன்வெர்ட்டர் லைனில் பெட்டியைச் சேர்க்க ஆசையிருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வெளி லைனைப் பிரித்துவிட்டுப் பெட்டிக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடச் சொல்லுங்கள்.

என் 512 பெட்டி இப்போது ரூட்டருக்கு மட்டும். அதற்குப் பிறகு ஒரு 1024 வாங்கினேன். போன ஷட்டவுன் அன்று காலை ஒன்பது மணிக்கு நூறு சதவீதத்தில் ஆரம்பித்து ஒரு ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அதில் போட்டேன். பதினொரு மணிக்கு அம்மா வந்து, “சட்னி அரைக்கணும், இது தாங்குமாடா?” என்றார். தாங்கியது. மாலை ஐந்துக்குக் கரண்ட் வந்தபோது திரையில் 36 இருந்தது.